நிறுவிய பின்னர்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையைக் கடப்பவர் கூட்டத்தோடு கூட்டமாகத்தான் நடந்தாக வேண்டும். தேக்கா நிலையம் தொடங்கி வீரமாகாளியம்மன் ஆலயம் வரையிலும் ஐந்தடிப் பாதைகள் நிரம்பி வழியும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரமெல்லாம் உழைத்தவர்கள், ஊர்க்காரர் முகத்தைக் காணவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும், கைபேசிக்கு அட்டை வாங்கவும் வந்து சேரும் நாள் அது. மல்லிகைச் சரத்தின் மணமும் காய்ந்த மிளகாயின் நெடியும் கலந்து வீசும் அந்தத் தெருக்களில் ஒன்றில், பழைய கடைவீடு ஒன்றின் இரண்டாம் மாடியில், இருவர் மட்டும் அந்தத் திருவிழாவில் கலந்துகொள்ளாமல் ஒரு சிறிய அறைக்குள் அமர்ந்திருந்தனர்.

அறையில் குளிரூட்டியின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. சுவரோரம் நின்ற இரும்புச் சட்டத்தில் ரவுட்டர், சுவிட்ச், சர்வர் ஆகியவை அடுக்கப்பட்டு, அவற்றின் பச்சை விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. கீழே ஒரு மளிகைக் கடை. மேலே அதன் அலுவலகம். உட்லண்ட்ஸில் அதே முதலாளிக்கு இன்னொரு கடை. பாண்டானில் அரிசியும் பருப்பும் அடுக்கிய கிடங்கு. இந்த மூன்று இடங்களையும் இணைக்கும் கணினி வலையமைப்பைக் கவனித்துக்கொள்வதற்கென ஒரு மேலாண்மை மென்பொருளை நிறுவும் பணி அவ்விருவருக்கும் தரப்பட்டிருந்தது. ஒருவர் ஐம்பதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளாகக் கம்பிவடங்களோடு பழகியவர். மற்றவன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிப்பை முடித்துப் பணிக்கு வந்து இரண்டு மாதமே ஆன இளைஞன்.

திரையில் நீலக்கோடு வலக்கோடி வரை ஓடி நின்றது. நிறுவும் பணி நிறைவுற்றது என்ற செய்தி தோன்றியது.

"முடிந்துவிட்டது அண்ணே. கீழே போய்ச் சாப்பிடலாமா?" என்றான் இளைஞன்.

மூத்தவர் திரையைப் பார்த்தார். "சாப்பிடலாம் தம்பி. ஆனால் முடிந்தது என்று சொல்வது இயந்திரம். நம்முடைய வேலை இனிமேல்தான் தொடங்குகிறது" என்றார்.

திருக்குறளில் பொச்சாவாமை என்றோர் அதிகாரம் உண்டு. மகிழ்ச்சியின் மிகுதியால் கடமையில் சோர்ந்துபோகும் மறதியைக் கடிந்து பேசுவது அது. அரசனுக்காகச் சொல்லப்பட்டதாயினும், ஒரு வேலையின் முதற்பகுதி இனிதே முடிந்த வேளையில் எந்தத் தொழிலாளியும் நினைவிற்கொள்ளத்தக்க அறிவுரை அது. மென்பொருளை நிறுவுவதற்கு அன்று முக்கால் மணி நேரமே ஆயிற்று. அதனைப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவர அவ்விருவருக்கும் மூன்று வாரங்கள் பிடித்தன. இடையில் ஒரு மனிதனின் வேலையே பறிபோகும் நிலையும் வந்தது.

வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் என்பது என்ன? மருத்துவமனையில் இரவுப் பணியிலுள்ள தாதி, படுக்கை படுக்கையாகச் சென்று நாடி பார்த்துக் குறித்துவைப்பதை நினைத்துக்கொள்ளலாம். இந்த மென்பொருளும் வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கருவியையும் குறித்த இடைவெளியில் நலம் விசாரிக்கிறது. 'இருக்கிறாயா?' என்பது முதற்கேள்வி. அமெரிக்கரான மைக் மியூஸ் 1983 டிசம்பரில் எழுதிய 'பிங்' என்னும் சிறு நிரல் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். 'உன் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது? உன் வழியாக எவ்வளவு தரவு செல்கிறது? எத்தனை நாட்களாக நிற்காமல் ஓடுகிறாய்?' என்பன அடுத்த கேள்விகள். இவற்றைக் கேட்பதற்கும் விடை பெறுவதற்கும் 1988இல் ஒரு பொதுநெறிமுறை வகுக்கப்பெற்றது. எஸ்என்எம்பி என்று தொழிலாளர் அதனைச் சுருக்கமாகச் சொல்வர். ஐந்து நிமிடத்திற்கொரு முறை கேட்பதென்றால் ஒரு கருவியிடம் ஒரு நாளைக்கு 288 முறை நலம் விசாரித்ததாகும். பெற்றோரும் பிள்ளைகளை அவ்வளவு விசாரிப்பதில்லை.

இத்தகைய மென்பொருள்களை உருவாக்கியவர் வரிசையில் தமிழ்நாட்டிற்கும் ஓரிடம் உண்டு. இன்று ஜோஹோ என்று அறியப்படும் நிறுவனம் 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கப்பெற்றபோது, அதன் முதற்பொருள்கள் வலையமைப்பு மேலாண்மைக்கான மென்பொருள்களே. 2009இல்தான் அது இப்போதைய பெயரைப் பெற்றது. எனவே, உலகின் பல வலையமைப்புகளை நலம் விசாரிக்கும் நிரல்களுள் சில, சென்னையின் மேசைகளில் எழுதப்பட்டவை.

உணவு உண்டு திரும்பியதும் மூத்தவர் முதலில் தொட்டது மறைச்சொல்லை. மென்பொருளோடு வந்த பயனர் பெயரும் மறைச்சொல்லும் ஒரே சொல்லாக இருந்தன. அதனை விளக்கநூலின் முதற்பக்கத்திலேயே யாரும் படிக்கலாம். சுவிட்சுகளின் நிலை இன்னும் மோசம். நலம் விசாரிப்பவர் சொல்ல வேண்டிய குறிப்புச்சொல்லாக, ஆங்கிலத்தில் 'பொது' எனப் பொருள்படும் 'பப்ளிக்' என்ற சொல்லே அவற்றில் இருந்தது. தொழிற்சாலையில் வைத்தபடியே ஆறு ஆண்டுகளாக அது மாறாமல் கிடந்தது.

"இதை நாளைக்கு மாற்றினால் ஆகாதா அண்ணே? முதலில் எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்போமே" என்றான் இளைஞன்.

"ஓடத் தொடங்கினால் பிறகு யாரும் தொடமாட்டார்கள், தம்பி. நாளை நாளை என்றுதான் ஆறு வருடம் போயிருக்கிறது."

இது வீண் அச்சமன்று. 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலை மறைச்சொற்கள் ஏறத்தாழ அறுபதை மட்டுமே கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் இலட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் தன்வயப்படுத்தியது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் டைன் என்னும் முகவரிச் சேவை நிறுவனத்தை அவை ஒருசேரத் தாக்கியபோது, அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்கள் பலவற்றைத் திறக்க முடியாமற்போயிற்று.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு கசப்பான பாடம் உண்டு. 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிவிவரங்கள் களவாடப்பட்டன. அவர்களுள் 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அப்போது பிரதமராக இருந்த லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடக்கம். ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரி 10ஆம் நாள் வெளியாயிற்று. ஒரு நிர்வாகக் கணக்கின் மறைச்சொல், 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே ஈரெழுத்து மாற்றி எழுதியதாக இருந்தது என்பது அதில் வெளிப்பட்ட செய்திகளுள் ஒன்று. பூட்டுக்குச் 'சாவி' என்று பெயர் எழுதி அதன்மேலேயே தொங்கவிட்டது போன்ற செயல் அது.

அன்றிரவு பதினொரு மணிவரை இருவரும் கருவி கருவியாகச் சென்று மறைச்சொற்களை மாற்றினர். இயன்ற கருவிகளிலெல்லாம் நெறிமுறையின் மூன்றாம் பதிப்பை இயக்கினர். முதற்பதிப்பில் குறிப்புச்சொல் மூடாத கடிதம்போல் கம்பிவழியே செல்லும். இடையில் நிற்பவர் யாரும் படிக்கலாம். மூன்றாம் பதிப்பில் கேட்பவர் யாரென்று உறுதி செய்யவும், கேள்வியையும் விடையையும் மறையாக்கவும் வழி உண்டு.

மறுநாள் பெயரிடும் வேலை தொடங்கிற்று. மென்பொருள் அந்தக் கட்டடத்தின் 254 முகவரிகளையும், பின்னர்க் கடை, கிடங்கு ஆகியவற்றின் முகவரிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விடை தந்த கருவிகளைப் பட்டியலிட்டது. இளைஞன் அவற்றிற்குச் 'சுவிட்ச் 1', 'சுவிட்ச் 2' என்று பெயரிட முனைந்தான்.

"ராத்திரி இரண்டு மணிக்குச் 'சுவிட்ச் 7' செத்துப்போனது என்று உனக்குச் செய்தி வந்தால், நீ உட்லண்ட்ஸ் போவாயா, பாண்டான் போவாயா?" என்று கேட்டார் மூத்தவர்.

அவனிடம் விடை இல்லை. ஆகவே பெயர்கள் இடத்தையும் மாடியையும் பணியையும் சொல்லுமாறு வைக்கப்பட்டன. இடுகுறிப்பெயருக்கும் காரணப்பெயருக்கும் உள்ள வேறுபாட்டை உயர்நிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் படித்துத் தேர்வெழுதி மறந்தவன் அந்த இளைஞன். நள்ளிரவில் காரணப்பெயரே கைகொடுக்கும் என்பதை அன்று அவன் வேறொரு பள்ளியில் கற்றுக்கொண்டான்.

"தமிழிலேயே பெயர் வைக்க முடியாதா அண்ணே?" என்று அவன் கேட்டது மூத்தவருக்கு மகிழ்ச்சியளித்தது. 1995 அக்டோபரில் அவர் இளைஞராக இருந்தபோது சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பொன்று நான்கு மொழிகளில் இணையத்தில் ஏறிய செய்தியை அவனுக்குச் சொன்னார். அதில் தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றுவதற்காக எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் டின் வீ முதலியோருடன் இணைந்து உழைத்தார். அக்காலத்தில் ஒருவர் கணினியில் எழுதிய தமிழ் இன்னொருவர் கணினியில் தோன்ற, இருவரிடமும் ஒரே எழுத்துரு இருந்தாக வேண்டும். 1997 மே மாதம் சிங்கப்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு கூடிற்று. கோவிந்தசாமி 1999இல் மறைந்தார். 2011இல் '.சிங்கப்பூர்' என்னும் தமிழ் முகவரி ஈறும் இணையத்தின் வேர்ப்பட்டியலில் இடம்பெற்றது.

ஆயினும் கருவிகளின் பெயருக்குப் பழைய விதியொன்று இன்னும் நிற்கிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறுகோடும் மட்டுமே அதற்கு இசைவானவை. எனவே கருவியின் பெயர் அவ்விதிப்படி அமைந்தது. மென்பொருளில் குறிப்பு எழுதும் கட்டத்திலோ தமிழ் தடையின்றி ஏறிற்று. 'கிடங்கின் பின்வாசலுக்கு மேல், மஞ்சள் ஏணியின் அருகில்' என்று இளைஞன் தட்டச்சு செய்தான். இரவில் வந்து தேடுபவனுக்கு அதைவிடத் தெளிவான முகவரி வேறில்லை.

பெயரிட்டு முடித்தபோதுதான் சிக்கல் எழுந்தது. முதலாளி தந்த பட்டியலில் 31 கருவிகள் இருந்தன. மென்பொருள் 32 கண்டிருந்தது.

எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது பழுது. ஒன்று மிகுந்தால் அது ஐயம். இளைஞன் அந்த முகவரியைத் தொடர்ந்து சென்றான். எந்தக் கருவி தன் எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பதைச் சுவிட்ச் அறியும். கீழ்த்தளச் சுவிட்சின் பதினான்காம் துளையிலிருந்து ஒரு கம்பிவடம் கடையைக் கடந்து, சரக்கறைக்குள் புகுந்து, அடுக்கிய அரிசி மூட்டைகளின் பின்னால் மறைந்தது. அங்கே, தூசு படிந்த ஒரு சிறிய கம்பியில்லா இணைப்புப் பெட்டி விளக்கு மின்ன இருந்தது. தொழிற்சாலை மறைச்சொல்லே அதிலும் இருந்தது. சிங்கப்பூரில் விற்கப்படும் வீட்டு ரவுட்டர்கள் பெட்டிக்குப் பெட்டி வேறான மறைச்சொல்லோடு வரவேண்டும் என்ற விதி 2021 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. இது அதற்கு முந்தைய பழம்பெட்டி. ஊரிலிருந்து பயணப்பையில் வந்தது.

அதன் சொந்தக்காரர் தாமே முன்வந்து ஒப்புக்கொண்டார். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து அந்தக் கடையில் மூட்டை சுமக்கும் தொழிலாளி அவர். இரவில் கடை அடைத்த பின்னர், மனைவியையும் நான்கு வயது மகளையும் கைபேசித் திரையில் காண்பதற்காக அதை அங்கே வைத்திருந்தார். சரக்கறைக்குள் கைபேசி அலை சரிவரக் கிடைப்பதில்லை. அவருக்குத் தனிமை கிடைத்த ஒரே இடமும் அதுதான்.

"தப்புதான் சார். முதலாளிக்குத் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்" என்று அவர் தலைகவிழ்ந்து நின்றார்.

இளைஞனின் கையில் அறிக்கைப் படிவம் இருந்தது. அனுமதியற்ற கருவி, இடம், பொறுப்பாளர் என்று மூன்று கட்டங்கள் அதில் நிரப்பப்படக் காத்திருந்தன. மென்பொருளோ இன்னும் மிகுதியாகச் சொல்ல ஆயத்தமாக இருந்தது. எந்த இரவில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எவ்வளவு தரவு அந்தப் பெட்டி வழியாகச் சென்றது என்பதையெல்லாம் அது இனி வரைபடமாகவே தீட்டிக் காட்டும். இன்னும் சில வசதிகளைச் சேர்த்தால், யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்பதையும் காட்டும்.

மூத்தவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பாட்டனார் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் கங்காணியின் கீழ் வேலை செய்தவர். கண்காணி என்ற சொல்லே அங்குக் கங்காணி என மருவிற்று. ஊரில் ஆள் திரட்டிக் கப்பலேற்றி, தோட்டத்தில் வேலை வாங்கியவன் அவன். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தபோது அந்த ஆள்திரட்டு முறை முடிவுக்கு வந்தது. சொல் மட்டும் குடும்ப நினைவுகளில் தங்கிற்று. கண்காணிப்பு மென்பொருள் என்ற தொடரைத் தமிழில் எழுதும்போதெல்லாம், பாட்டனார் அந்தச் சொல்லை உச்சரித்த விதம் அவருக்கு நினைவு வருவதுண்டு.

அவர் முதலாளியிடம் சென்றார். உண்மையை மறைக்கவில்லை. மறைத்திருந்தால், அந்தப் பெட்டி வழியாகத் தீயவர் எவரேனும் கடையின் கணக்குப் புத்தகம் வரை வந்திருக்கலாம். அப்போது வேலை இழப்பவர் ஒருவராக இருக்கமாட்டார். "சரக்கறையில் ஓர் ஓட்டை இருந்தது, அடைத்துவிட்டோம். ஆனால் உங்கள் ஆட்கள் வீட்டோடு பேச வழியில்லாததால்தான் அந்த ஓட்டை விழுந்தது. வழி செய்து கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் வேறோர் ஓட்டை விழும். இப்போது இருக்கிற சுவிட்சிலேயே, கடைக் கணினிகளைத் தொட முடியாத தனிப்பாதை ஒன்றைப் பிரித்துத் தரலாம். செலவு ஒரு பெட்டிதான்" என்றார்.

முதலாளி சிறிது நேரம் கோபப்பட்டார். பிறகு, வைத்தவன் யார் என்று கேட்டார்.

"கேட்டால் சொல்வேன். கேட்காமலிருந்தால் நன்றாயிருக்கும்" என்றார் மூத்தவர்.

முதலாளி சன்னலுக்கு வெளியே பார்த்தார். அவரும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், பொதுத்தொலைபேசியின் முன் வரிசையில் நின்று, அட்டையில் காசு தீருமுன் பேசி முடிக்க அவசரப்பட்டவர்தாம். அவர் மீண்டும் கேட்கவில்லை.

தனிப்பாதை அமைந்தது. அதில் எவ்வளவு தரவு செல்கிறது என்பதை மட்டும் மென்பொருள் எண்ண வேண்டும். யார் யாரோடு பேசினார் என்பதை எண்ணக் கூடாது என்று மூத்தவர் அமைப்புப் பக்கத்தில் அந்த வசதியை நிறுத்திவைத்தார். அஞ்சற்காரர் பையின் எடையை அறியலாம், கடிதத்தைப் பிரிக்கலாகாது. எதைப் பார்ப்பது என்று முடிவு செய்வதைப் போலவே, எதைப் பார்க்காமல் விடுவது என்று முடிவு செய்வதும் அமைப்புப் பணியின் ஒரு பகுதியே.

அடுத்த வேலை நேரத்தைச் சரிப்படுத்துவது. மென்பொருளின் கடிகாரம் வேறொரு நாட்டு நேரத்தில் இருந்தது. கிடங்குச் சுவிட்ச் நான்கு நிமிடம் பிந்தியிருந்தது. இளைஞனுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. மூத்தவர் தம் சிறுவயது நினைவொன்றைச் சொன்னார். 1982 புத்தாண்டு பிறந்தபோது சிங்கப்பூரின் கடிகாரங்கள் அரைமணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. அவர் தந்தையார் வேலை செய்த கடையில் இரண்டு கடிகாரங்கள். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை மறந்துவிட்டனர். அன்று முழுவதும், யார் தாமதமாக வந்தார் என்பதில் கடையில் சண்டை. வலையமைப்பிலும் அதுவே நிகழும். ஒரு பழுது எங்கே தொடங்கி எங்கே பரவிற்று என்பதைக் குறிப்பேடுகளை ஒப்பிட்டே அறிய முடியும். கருவிக்கொரு நேரம் இருந்தால் மகன் தந்தைக்கு முன் பிறந்துவிடுவான். எல்லாக் கருவிகளும் ஒரே நேர வழங்கியைக் கேட்டு நடக்குமாறு செய்யப்பட்டது.

பின்னர் எச்சரிக்கை மணியைப் பற்றிய பாடம் வந்தது. வேலையை விரைவில் முடிக்க எண்ணிய இளைஞன், மென்பொருள் தானே வைத்திருந்த எல்லைகளை மாற்றாமல் எல்லா எச்சரிக்கைகளையும் தன் கைபேசிக்குத் திருப்பியிருந்தான். முதல் இரவில் 214 செய்திகள் வந்தன. அச்சுப்பொறி உறங்கிற்று, விழித்தது, மீண்டும் உறங்கிற்று. கணக்காளர் வீட்டுக்குப் போகும்போது தம் கணினியை நிறுத்தினார். அதற்கும் ஓர் அபாயச் செய்தி. மூன்றாம் இரவில் அவன் கைபேசியின் ஒலியை நிறுத்திவிட்டுத் தூங்கினான். நான்காம் நாள் விடியற்காலையில் கிடங்கின் ரவுட்டர் உண்மையாகவே நின்றது. செய்தி வந்தது, கேட்பார் இல்லை. காலையில் மூன்று லாரிகள் சரக்குச் சீட்டு அச்சிட முடியாமல் இரண்டு மணி நேரம் காத்து நின்றன.

புலி வருகிறது என்று பொய்க்குரல் கொடுத்த சிறுவனின் கதையைத் தொடக்கப்பள்ளியில் படிக்காதவர் இல்லை. அந்தக் கதையில் சிறுவனே குற்றவாளி. வலையமைப்பில் அந்தச் சிறுவனை அப்படிக் கத்தச் சொல்லி அமைத்தவரே பொறுப்பாளி. சிங்ஹெல்த் நிகழ்ச்சியிலும் இதற்கு நெருங்கிய பாடம் ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் நுழைய யாரோ முயன்று தோற்ற அடையாளங்களைப் பணியாளர் சிலர் ஜூன் மாதத்திலேயே கண்டிருந்தனர். கண்ட செய்தி, முடிவெடுக்க வேண்டியவரிடம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. விளக்கு எரிந்தது, யார் ஓட வேண்டும் என்பதுதான் தெளிவாயில்லை.

இளைஞன் தண்டனையை எதிர்பார்த்தான். மூத்தவரோ ஒரு தாளை எடுத்து மூன்று கோடுகள் வரைந்தார். எவை நள்ளிரவில் எழுப்ப வேண்டியவை, எவை காலையில் பார்த்தாற்போதும், எவை வாரத்திற்கொரு முறை படித்தாற்போதும் என்று பிரிக்கச் சொன்னார். எழுப்ப வேண்டியவை ஐந்தே தேறின. ஒருமுறை விடை வராவிட்டால் பொறுத்துக்கொண்டு, தொடர்ந்து மூன்று முறை வராதபோது மட்டும் கூவுமாறு அமைத்தனர். கிடங்கின் ரவுட்டர் நின்றால் அதன் பின்னாலுள்ள ஒன்பது கருவிகளும் தனித்தனியே ஓலமிடாமல், ரவுட்டர் ஒன்றே பேசுமாறு தாய் சேய் உறவைப் பதிந்தனர். இளைஞன் பத்து நிமிடத்தில் விடை தராவிட்டால் செய்தி மூத்தவரிடம் செல்லும். அவரும் தராவிட்டால் கடை மேலாளரிடம் செல்லும். எல்லைகளை வகுப்பதற்கு முன் இரண்டு வாரம் வாளாவிருந்து, இயல்பான நாள் எப்படியிருக்கும் என்பதை அளந்தனர். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தப் பேட்டையின் இயல்பே வேறு என்பதால், அதற்கொரு தனிக்குறிப்பும் எழுதிவைத்தனர்.

இறுதியில் மூத்தவர் ஒரு கேள்வி கேட்டார். "எல்லாவற்றையும் இது பார்த்துக்கொள்கிறது. இதை யார் பார்த்துக்கொள்வது?"

இளைஞன் சட்டத்தைப் பார்த்தான். மென்பொருள் ஓடும் சர்வர், அது காவல் காக்கும் ரவுட்டருக்குக் கீழேயே, அதே மின்செருகியில் இணைந்திருந்தது. மின்சாரம் நின்றால் பழுதும் வரும். பழுதைச் சொல்ல வேண்டிய வாயும் அடைத்துப்போகும். 2013 அக்டோபர் 9ஆம் நாள் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் தீப்பற்றியபோது, அந்த ஓரிடத்தை நம்பியிருந்த இணைய இணைப்புகள் பல நின்றுபோயின. வங்கிக் கிளைகளும் அலுவலகங்களும் பாதிக்கப்பட்டன. நிலையத்தை நடத்திய நிறுவனத்திற்கு மறு ஆண்டு 6 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. ஒரே இடத்தில் எல்லாம் இருப்பதன் விலையை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

சர்வருக்குத் தனி மின்கலம் வந்தது. உட்லண்ட்ஸ் கடையில் ஒரு சிறு கணினி, தலைமைக் காவலன் உயிரோடிருக்கிறானா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்படி வைக்கப்பட்டது. அமைப்புகளின் படி ஒன்று நாள்தோறும் பாண்டானுக்குச் சென்றது. படி எடுத்தால் போதாது என்று மூத்தவர் ஒரு சனிக்கிழமை அந்தப் படியிலிருந்து முழு மென்பொருளையும் வேறொரு கணினியில் மீட்டெழுப்பச் சொன்னார். முதல் முயற்சி தோற்றது. படியில் மறைச்சொற்கள் சேரவில்லை. இரண்டாம் முயற்சி வென்றது. தோல்வி அந்தச் சனிக்கிழமையிலேயே வந்ததற்கு இளைஞன் உள்ளூர நன்றி சொல்லிக்கொண்டான்.

செய்தவை அனைத்தும் ஒரு கோடிட்ட குறிப்பேட்டில் கையெழுத்தாகவும் எழுதப்பட்டன. நிறம் மங்கிய பச்சை அட்டை போட்ட குறிப்பேடு அது. கணினியெல்லாம் நின்றுபோன நாளில் கணினிக்குள் இருக்கும் கையேட்டை எவ்வாறு படிப்பது என்று மூத்தவர் கேட்ட கேள்விக்கு மறுமொழியாக, இளைஞன் தன் காசில் வாங்கியது.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கையில், விடியற்காலை 3 மணி 40 நிமிடத்திற்கு அவனுடைய கைபேசி ஒருமுறை ஒலித்தது. கடையின் கணக்குச் சர்வரில் வட்டு 90 விழுக்காடு நிரம்பிவிட்டது என்றது செய்தி. அந்த வாரத்தில் வந்த முதற்செய்தி அதுவே; ஆகவே அவன் எழுந்தான். வீட்டிலிருந்தபடியே பழைய குறிப்புகளை அகற்றி இடம் செய்தான். காலையில் சிராங்கூன் சாலையில் கூட்டம் திரண்டபோது கடை வழக்கம்போல் திறந்திருந்தது. இரவில் ஏதோ நிகழவிருந்தது என்பதை யாரும் அறியவில்லை. இந்தத் தொழிலில் நன்றாகச் செய்த வேலைக்குக் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் அவ்வளவே.

அன்று மாலை அவன் கடைக்குச் சென்றபோது, சரக்கறை வாசலில் அந்தத் தொழிலாளி ஒரு பொட்டலத்தை அவன் கையில் திணித்தார். ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்த அதிரசம். "பாப்பா உங்களைப் பார்க்கணும்னு சொல்லுது சார்" என்று கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு சிறுமி, கையசைக்க மறந்து, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் ஒருமுறையும் தடைபடவில்லை.

அடுத்த மாதம் வேறோர் அலுவலகத்தில் அவன் தனியாக இதே மென்பொருளை நிறுவினான். நீலக்கோடு வலக்கோடியைத் தொட்டு, பணி நிறைவுற்றது என்ற செய்தி தோன்றியது. அவன் பையைத் திறந்து பச்சை அட்டைக் குறிப்பேட்டை வெளியே எடுத்தான்.